கருணை கேட்டனர், நீதி வழங்கினார்!

மே நாள் என்றதும் சிக்காகோ நினைவுக்கு வரும். தூக்குமேடை ஏறிய நால்வர் நினைவுக்கு வருவர். பார்சன்ஸ், ஸ்பைஸ், ஃபிஷர், எங்கெல் - 1923-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடினாரே, அன்று தொடங்கி இந்தப் பெயர்களை நமது மேடைகளிலே கேட்டு வருகிறோம். கேட்கவேண்டிய பெயர்கள்தாம். ஆனால் தோழர்களே, அந்த வழக்கிலே தண்டிக்கப்பட்டவர் நால்வர் அல்லர், எண்மர். ஒருவர், லூயிஸ் லிங் எனும் இளைஞர், தூக்குக்கு முதல்நாள் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவர்? அவர்கள் என்ன ஆயினர்? யார் அவர்களை வெளியே விட்டது? விட்டவருக்கு என்ன நேர்ந்தது?

இதை நமது மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. பேசவேண்டும். அந்த மூவரையும் வெளியே விட்டவர் ஒரு கவர்னர். ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு என்பது அவர் பெயர்.

கவர்னர் என்றதும் நம்மவர்கள் வேறு ஒரு உருவத்தை மனதிலே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள் - டில்லியிலிருந்து ஆணைவழி வந்து இறங்குபவர், மாளிகை, மான்கள், விருந்து! அதுவல்ல இது. அமெரிக்க நாட்டிலே மாநிலத்துக் கவர்னர் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வரவேண்டியவர். நம்முடைய முதலமைச்சரைப் போன்றவர் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஓட்டுக் கேட்டு வரவேண்டியவர் என்பதாலேயே அவர் செய்த காரியத்தின் எடை கூடுகிறது.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 30, ஜெர்மனியிலே நீடர்செல்டர்ஸ் என்ற சிற்றூரிலே பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். ஒஹையோ மாநிலத்திலே வயல் வேலை. தந்தை எழுத்தறியாதவர், கண்டிப்பானவர். பள்ளிக்கூடம் பையனைக் கெடுத்துவிடும், ஏரைப் பிடித்தால் போதும் என்று எண்ணியவர். உதடு பிளந்த முகம் பையனுக்கு. பேசினால் சிரிப்பார்கள். 16 வயதிலே உள்நாட்டுப் போரிலே வடவர் பட்டாளத்தில் சேர்ந்தான். குண்டு தைக்கவில்லை, காய்ச்சல் தைத்தது. வர்ஜீனியாவிலே பிடித்த அந்தக் காய்ச்சல் வாழ்நாள் முழுதும் வந்து வந்து போயிற்று.

போர் முடிந்து வந்தவர் படித்தார், ஆசிரியரானார். எம்மா ஃபோர்டு என்ற பெண்ணை விரும்பினார். பெண்ணின் தந்தைக்குப் பிடிக்கவில்லை, இந்தக் குடியானவன் மகனுக்கா என் பெண் என்றுதான் எண்ணியிருப்பார். 1869-இல் ஊரைவிட்டே கிளம்பி மேற்கு நோக்கி நடந்தார். ஆம், நடந்தார்! ஆர்க்கன்சா பகுதியிலே ரயில் பாதை போடும் கூலியாக மண் சுமந்தார். மறுபடி காய்ச்சல். பிழைத்தெழுந்து மிசௌரி மாநிலத்திலே சவானா என்ற ஊரிலே ஒதுங்கினார். பகலிலே வேலை, இரவிலே சட்டப் புத்தகம். வக்கீலானார், அரசு வழக்கறிஞராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதையும் விட்டுவிட்டு 1875-இல் சிக்காகோவுக்கு வந்தபோது கையிலே ஏறத்தாழ நூறு டாலர். அறிமுகமானவர் எவருமில்லை. அலுவலக அறையிலேயே படுத்துறங்கினார். ஈராண்டு கழித்து ஊர் திரும்பி, அன்று மறுக்கப்பட்ட எம்மாவையே மணந்துகொண்டார்.

பிறகு பணம் வந்தது. நிலம் வாங்கினார், விற்றார், கட்டினார். யூனிட்டி என்ற பெயரிலே 16 மாடிக் கட்டடம் எழுப்பினார். அவர் வயிறு காய்ந்த புரட்சிக்காரராக அந்த நாற்காலியிலே வந்து அமர்ந்தார் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பணக்காரர்தான். கட்டடக்காரர்தான். பதவி ஆசையும் இருந்தது அவருக்கு. ஆனால் சேர்ந்த பணம் பழைய நாட்களை மறைத்திடவில்லை. 1884-இல் ஒரு சிறு நூல் எழுதினார், சிறைக்கூடங்களைப் பற்றி. சிறைக்குள்ளே இருப்பவர் பெரும்பாலும் யார்? ஏழைகள். அபராதம் கட்ட முடியாதவர்கள். ஆதரவற்ற சிறுவர்கள். நமது தண்டனை முறை குற்றவாளியைத் திருத்துகிறதா, உற்பத்தி செய்கிறதா - இதுதான் நூலின் கேள்வி. தன் செலவிலேயே அச்சிட்டு நீதிபதிகளுக்கும் சட்டமன்றத்தாருக்கும் அனுப்பினார். எத்தனை பேர் படித்தனரோ! ஒஹையோவிலே ஒரு சிற்றூரிலே இருந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் படித்தார். கிளாரன்ஸ் டாரோ அவர் பெயர். அமெரிக்காவின் தலைசிறந்த வழக்கறிஞராக உலகம் பின்னாளில் அறிந்த அதே டாரோ. சிக்காகோவுக்கு வந்து ஆல்ட்கெல்டைத் தேடிப் பிடித்து நண்பரானார்.

இதற்கிடையே 1886. மே முதல் நாள். எட்டு மணி நேர வேலை கேட்டுப் பல்லாயிரம் தொழிலாளர் சிக்காகோ வீதிகளிலே நடந்தனர். மே 3, மக்கார்மிக் ஆலை வாசலிலே போலீஸ் சுட்டது, தொழிலாளர் மாண்டனர். மறுநாள் இரவு, ஹேமார்க்கெட் சதுக்கத்திலே கண்டனக் கூட்டம். நகர மேயரே வந்து நின்று கேட்டார், அமைதியான கூட்டம்தான் என்று கண்டு வீடு திரும்பினார். தூறல் விழுந்தது, கூட்டம் கலையத் தொடங்கிற்று. கடைசிப் பேச்சாளர் பேச்சை முடிக்கும் நேரம். அப்போதுதான் பான்ஃபீல்டு என்ற போலீஸ் அதிகாரி 170-க்கு மேற்பட்ட காவலரோடு அணிவகுத்து வந்தான். எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து வெடித்தது. காவலர் 7 பேர் உயிரிழந்தனர். போலீஸ் சுட்ட சூட்டிலே பொதுமக்களும் விழுந்தனர்.

குண்டை எறிந்தவன் யார்? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

தெரியாவிட்டால் என்ன? எட்டுப் பேர் பிடிபட்டனர். பேசியவர்கள், எழுதியவர்கள், ஏடு நடத்தியவர்கள். ஏழு பேருக்குத் தூக்கு, ஆஸ்கார் நீபி என்பவருக்கு 15 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. சாமுவேல் ஃபீல்டன், மைக்கேல் ஷ்வாப் இருவருக்கும் அப்போதைய கவர்னர் ஆயுள் தண்டனையாக மாற்றினார். 1887 நவம்பர் 11, நால்வர் தூக்கிலிடப்பட்டனர். மூவர் ஜோலியட் சிறைக்குள்ளே அடைபட்டனர்.

அந்த நாட்களிலே ஆல்ட்கெல்டு எங்கே இருந்தார்? அதே சிக்காகோவிலே, அதே 1886-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதியாக இருந்தார். தூக்கு கூடாது என்று வாதாடியவர் வரிசையிலே அவர் இல்லை. மௌனமாக இருந்தார். இதை மறைத்து அவரைப் புகழ்வதிலே எனக்கு விருப்பமில்லை. பிறகு செய்ததை அந்த மௌனத்தோடு சேர்த்துவைத்துத்தான் பார்க்கவேண்டும்.

1892 தேர்தலிலே இல்லினாய்ஸ் மாநிலத்தின் கவர்னராக வென்றார். வெளிநாட்டிலே பிறந்த ஒருவர் அந்த மாநிலத்துக்குக் கவர்னரானது அதுவே முதல் முறை. 1893 ஜனவரியிலே பதவி ஏற்பு. ஏற்கும் நாளிலேயே காய்ச்சல். எழுந்து நிற்கவே முடியாத நிலை.

விடுதலை கோரிக்கை மேசைக்கு வந்தது. கோரியவர்கள் பாட்டாளிகள் மட்டும் என்று எண்ணாதீர்கள். பெரிய மனிதர்களும் கையெழுத்திட்டிருந்தனர். அவர்கள் வாதம் என்ன? ஏழாண்டு ஆகிவிட்டது, சினம் தணிந்துவிட்டது, பட்ட தண்டனை போதும், கருணை காட்டுங்கள். அவ்வளவுதான். நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். மூவர் வெளியே வந்திருப்பர், தொழிலாளர் வாழ்த்தியிருப்பர், முதலாளிகளும் முகம் சுளித்துவிட்டு மறந்திருப்பர், கருணாமூர்த்தி என்ற பட்டமும் கிடைத்திருக்கும். எத்தனை எளிய வழி!

அவர் வழக்குக் கட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். நாட்கள் ஓடின, வாரங்கள் ஓடின. டாரோ பொறுமை இழந்து போய்க் கேட்டார். வழக்கைப் படித்து முடித்த பிறகுதான் முடிவு, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தெரிந்தால் விடுவிப்பேன், அதோடு என் அரசியல் வாழ்வு முடிந்தாலும் சரி - இந்தப் பொருள்படச் சொல்லி அனுப்பிவிட்டார்.

1893 ஜூன் 25, தூக்கிலிடப்பட்டவர்களுக்கு வால்டுஹைம் இடுகாட்டிலே நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. மறுநாள், ஜூன் 26, விடுதலை ஆணை வெளிவந்தது. நான்கு வரியல்ல அது, ஒரு புத்தகம்! கருணையைப் பற்றி அவர் பேசவே இல்லை. தீர்ப்பு நியாயமானது என்றால் இவர்கள் உள்ளேதான் இருக்கவேண்டும், கருணைக்கு இடமில்லை என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட நிலை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். ஜூரிகளைக் குலுக்கல் முறையிலே எடுக்கவில்லை. ஒரு தனி அதிகாரி தன் விருப்பப்படி ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான். இவர்கள் குற்றவாளிகள் என்று முன்பே முடிவு கட்டிவிட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னவர்களையும் தகுதியுள்ளவர் என்றார் நீதிபதி கேரி. மாண்டுபோன காவலருக்கு உறவினன் நான் என்றவரைக்கூடத் தகுதியற்றவர் என்று அந்த நீதிபதி தள்ளவில்லை. குண்டு எறிந்தவன் யாரென்றே தெரியாதபோது, இவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் அவன் எறிந்தான் என்று எப்படி நிலைநாட்டுவது? போலீஸ் தடியடியிலே நொந்துபோன எவனோ ஒருவன் தனிப்பட்ட பழி தீர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாமே! நீபி மீது சாட்சியம் என்று சொல்ல ஏதாவது இருந்ததா? இல்லை.

கவனியுங்கள் தோழர்களே, இதிலே என்ன இருக்கிறது? கருணை காட்டியிருந்தால் உயிரோடிருந்த மூவருக்கு மட்டும் நன்மை. காரணம் காட்டியதாலே, ஆறாண்டுக்கு முன் தூக்கிலே தொங்கிய நால்வரும் குற்றம் நிலைநாட்டப்படாமலே கொல்லப்பட்டனர் என்று ஒரு மாநிலத்தின் அரசே ஏட்டிலே எழுதிவைத்ததாக ஆயிற்று. நால்வரைத் திருப்பித் தர அவரால் முடியாது. அவர்கள் மீதிருந்த பழியை எடுத்துவிட முடிந்தது, எடுத்தார். அதற்குத்தான் பெரிய இடத்தார் துடித்தனர். மூவர் வெளியே வந்ததற்காகவா அத்தனை ஆத்திரம்? இல்லை. வழக்கு மன்றத்தின் முகத்திலே கண்ணாடியைக் காட்டிவிட்டாரே, அதற்கு!

நீதிபதி கேரியைத் தாக்கி எழுதிய பகுதி கொஞ்சம் கடுமை என்று டாரோவே பின்னாளில் கருதினார். இருக்கலாம். அளந்து பேசும் பழக்கம் ஆல்ட்கெல்டிடம் குறைவுதான்.

ஆணையைச் சிறைக்கு எடுத்துச் செல்ல ஆள் வேண்டும். டிரையர் என்ற வங்கிக்காரர் அந்த நேரத்தில் கவர்னர் அலுவலகத்திலே இருந்தார். யார் அவர்? எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டி வழக்குக்கு அனுப்பிய பெரு ஜூரியின் தலைவர்! செய்தது தவறு என்று பிறகு உணர்ந்து, விடுதலைக்காக அலைந்துகொண்டிருந்தவர். அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார் ஆல்ட்கெல்டு. அந்தக் காகிதத்தை வாங்கியதும் அந்த மனிதர் அழுதுவிட்டார் என்று, அங்கே எழுத்தராக இருந்த பிராண்டு விட்லாக் பின்னாளில் எழுதிவைத்தார்.

ஜோலியட் சிறையின் கதவு திறந்தது. மறுநாள் ஏடுகளின் கதவும் திறந்தது. சிக்காகோவிலிருந்து நியூயார்க் வரை வசை! அந்நியன் என்றனர், ஜெர்மன்காரன் என்றனர், அராஜகவாதி என்றனர். வெறிநாய்களைக் கட்டவிழ்த்து விடுபவராக அவரைப் படம் போட்டது ஒரு கேலி ஏடு. கொடும்பாவி கொளுத்தினர். அமெரிக்கக் கொடிக்காகப் பதினாறு வயதிலே துப்பாக்கி தூக்கியவரை, நீ அமெரிக்கனே அல்ல என்றனர், வீட்டுக்குள்ளேயே இருந்து போரைப் பத்திரிகையிலே படித்தவர்கள்! அவர் ஒரு வரி பதில் எழுதவில்லை. தொழிற்சாலைச் சட்டத்தை நிறைவேற்றும் வேலையிலே இறங்கிவிட்டார்.

அது 1893-இல் வந்த சட்டம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஆலையிலே வைக்கக்கூடாது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. சட்டம் போடுவது எளிது, ஆலைக்குள்ளே போய்ப் பார்ப்பது யார்? ஃபிளாரன்ஸ் கெல்லி என்ற பெண்மணியைத் தலைமை ஆய்வாளராக அமர்த்தினார். முதலாளிகளுக்குப் பயப்படாத பெண். ஈராண்டுதான். 1895-இல் மாநில உச்சநீதிமன்றம் அந்த எட்டு மணி விதியை அடித்துவிட்டது. பெண்ணுக்கு எத்தனை மணி வேண்டுமானாலும் உழைக்க ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம் உண்டாம். பசித்தவனுக்குப் பட்டினி கிடக்கும் சுதந்திரம்போல!

1894. புல்மன் கதை. ரயில் பெட்டி செய்யும் முதலாளி ஜார்ஜ் புல்மன், சிக்காகோவுக்குத் தெற்கே தன் பெயரிலேயே ஒரு நகரம் கட்டி வைத்திருந்தான். வேலை அவனிடம், வீடும் அவனிடம். கூலியைக் கால் பங்கு அளவுக்கு வெட்டினான். வாடகையை ஒரு காசு குறைக்கவில்லை. மே 11, வேலைநிறுத்தம். யூஜின் டெப்ஸ் தலைமையிலே ரயில்வே தொழிலாளர் சங்கம் துணைக்கு வந்தது. புல்மன் பெட்டி கோத்த வண்டியைத் தொடமாட்டோம் என்றனர். பாதி நாட்டிலே ரயில் நின்றது.

குடியரசுத் தலைவர் கிளீவ்லண்டு பட்டாளத்தை அனுப்பினார். அனுப்பு என்று மாநிலம் கேட்டதா? இல்லை. கவர்னரிடம் ஒரு சொல் சொன்னார்களா? இல்லை. தபால் போகவேண்டுமாம், வழக்கு மன்றத் தடையாணையைக் காக்கவேண்டுமாம். இந்த யோசனையைச் சொன்ன மத்திய சட்டத்துறைத் தலைவர் ஓல்னி, ரயில் கம்பெனிகளுக்கே வக்கீலாக இருந்தவர்! ஆல்ட்கெல்டு தந்தி மேல் தந்தி அடித்தார். உள்நாட்டுக் கலவரத்தை அடக்க மாநிலம் கேட்டால் வரலாம் என்றுதான் அரசியல் சட்டம் சொல்கிறது. எங்களிடம் படை இருக்கிறது, தேவையானபோது அனுப்பியிருக்கிறோம். எங்கள் மாநிலத்தின் உரிமையிலே ஏன் கை வைக்கிறீர், பட்டாளத்தைத் திரும்ப அழையும் என்று கேட்டார். சுருக்கமான பதில் வந்தது. பட்டாளம் திரும்பவில்லை. அவரும் கட்சிக்காரர்தான், கிளீவ்லண்டும் அதே கட்சிதான். தன் கட்சியின் தலைவர் டில்லியிலே - மன்னிக்கவேண்டும், வாஷிங்டனிலே - இருக்கிறாரே என்று அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

மாநிலப் படையும் பிறகு போயிற்று, அதுவும் சுட்டது, ஜூலை 7-இல் உயிர்கள் போயின. இதையும் எழுதத்தான் வேண்டும். ஒழுங்கைக் காக்கும் கடமை தனக்கு இருக்கிறது என்று நம்பியவர் ஆல்ட்கெல்டு. அந்தக் கடமையின் இரத்தக்கறை அவர் கையிலும் கொஞ்சம் பட்டது.

வேலைநிறுத்தம் முறிந்தது. டெப்ஸ் சிறை சென்றார். ஆகஸ்டிலே புல்மன் நகரத்துத் தொழிலாளர் கவர்னருக்கு எழுதினர், பிள்ளைகள் பட்டினி என்று. மாளிகையிலிருந்து அறிக்கை விடவில்லை அவர். நேரே போனார். வீடு வீடாக நுழைந்து பார்த்தார். ஆறாயிரம் பேருக்குமேல் உணவின்றி வாடுவதைக் கண்டார். அந்த வாடகைப் பாக்கியையாவது தள்ளுபடி செய்யும் என்று முதலாளிக்கு எழுதினார். புல்மன் மறுத்தான். உடனே மக்களைப் பார்த்து வேண்டுகோள் விடுத்தார் கவர்னர். உணவு வந்து சேர்ந்தது.

அடுத்த ஆண்டு இன்னொரு சோதனை. யெர்க்கீஸ் என்பவர் சிக்காகோவின் டிராம் வண்டிகளுக்கு அதிபதி. நகர வீதிகளைப் பல பத்தாண்டுகளுக்குத் தன் கம்பெனிக்கே பட்டா போட்டுக்கொள்ளும் மசோதாக்களைச் சட்டமன்றத்திலே நிறைவேற்றி வாங்கிவிட்டார். எப்படி வாங்கினார் என்பதை ஊரே அறியும். கவர்னர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஆல்ட்கெல்டோ அப்போது கடன்பட்ட மனிதர். யூனிட்டி கட்டடம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். கையெழுத்துப் போட்டால் கடன் தீர வழி பிறந்திருக்கும். மசோதாக்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டடம் போயிற்று.

1896-இல் சிக்காகோவிலே கூடிய கட்சி மாநாட்டிலே கிளீவ்லண்டின் கொள்கையையே தோற்கடித்தார். வெளிநாட்டிலே பிறந்தவர் குடியரசுத் தலைவராக முடியாது என்று சட்டம். இல்லாவிட்டால் அவரே நின்றிருக்கக்கூடும் என்பார் உண்டு. வேட்பாளர் பிரையன். அந்த நவம்பரிலே பிரையனும் தோற்றார், ஆல்ட்கெல்டும் தோற்றார். 1897 ஜனவரியிலே புதியவர் பதவி ஏற்கும் நாள். விடைபெறும் கவர்னர் நாலு வார்த்தை பேசுவது மரபு. அவர் உரையைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். பேசவிடவில்லை. எழுதிய காகிதம் சட்டைப்பையிலேயே இருக்க, இறங்கிப் போனார்.

பிறகு வறுமை என்றே சொல்லலாம். 1899-இல் சிக்காகோ மேயர் தேர்தலிலே நின்றார், தோற்றார். ஒருகாலத்திலே அவர் நூலைப் படித்துத் தேடிவந்த அந்த டாரோவின் அலுவலகத்திலேயே வழக்கறிஞராகச் சேர்ந்தார். தேய்ந்த உடல், பழைய காய்ச்சல். ஆனால் மேடையை விடவில்லை. 1902 மார்ச் 11 இரவு, ஜோலியட் நகரிலே கூட்டம். தென்னாப்பிரிக்காவிலே பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துநின்ற போயர் மக்களுக்காகப் பேசினார். பேசி முடித்ததும் சாய்ந்தார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. வயது 54. எந்த நகரத்துச் சிறையிலிருந்து மூவரை விடுவித்தாரோ, அதே நகரம்.

உடல் சிக்காகோவின் பொது நூலகத்திலே வைக்கப்பட்டது. மழையிலே வரிசை வரிசையாக நின்று ஆயிரமாயிரம் தொழிலாளர் வந்து பார்த்துச் சென்றனர். டாரோ பேசினார், ஜேன் ஆடம்ஸ் அம்மையார் பேசினார். 1915-ஆம் ஆண்டு தொழிலாளர் தினத்தன்று லிங்கன் பூங்காவிலே அவருக்குச் சிலை திறந்தார்கள். வால்டுஹைம் நினைவுச் சின்னத்திலே அவர் எழுதிய விடுதலை ஆணையின் வாசகத்தை வெண்கலத்திலே பொறித்தார்கள்.

அவரைப் புதைத்தது கிரேஸ்லாண்டு இடுகாட்டிலே. அங்கே இன்னொரு கல்லறையும் இருக்கிறது, ஜார்ஜ் புல்மனுடையது. அவன் 1897-இலேயே இறந்துவிட்டான். தொழிலாளர் வந்து பெட்டியைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று குடும்பத்தாருக்கு அச்சம். ஈயம் பூசிய சவப்பெட்டி, அதன்மேல் கான்கிரீட், அதன்மேல் எஃகுத் தண்டவாளங்கள், மறுபடி கான்கிரீட் என்று போட்டு மூடினார்கள். அதே இடுகாட்டிலே ஆல்ட்கெல்டின் கல்லறைக்கு வெறும் மண்தான் மூடி.